துருவ ஒளி: ஐஸ்லாந்தா, ட்ரொம்ஸோவா?

பாகான் டாலாமில் இரவு முழுமையாக இருட்டுவதே இல்லை. துறைமுகத்தில் பாரந்தூக்கிகளின் விளக்குகள் விடிய விடிய எரிகின்றன. கொள்கலன்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கின்றன. அந்த வெளிச்சம் மேகத்தில் பட்டுத் திரும்பி எங்கள் கூரைகள் மேல் விழுகிறது. நட்சத்திரம் பார்க்க வேண்டுமென்றால் கெடா பக்கம் போக வேண்டும்.

அந்த வெளிச்சத்தின் கீழே ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து அடுக்குமாடித் தம்பி என்னிடம் கேட்டார்.

"அண்ணே, அடுத்த மாசம் அம்பத்தஞ்சு முடியுது. சேமநிதிக் காசுல கொஞ்சம் எடுக்கப் போறேன். வீட்டுல அவங்களுக்கு ரொம்ப நாளா ஒரே ஆசை, அந்தப் பச்சை வெளிச்சத்தப் பார்க்கணும்னு. ஐஸ்லாந்து போறதா, நோர்வே போறதா? நீங்க ரெண்டையும் பார்த்தவரு. எங்களால ஒரு தடவதான் போக முடியும். சரியாச் சொல்லுங்க."

முப்பது ஆண்டுகள் துறைமுகத்தில் உழைத்தவர். மனைவிக்குப் போன வருடம் முட்டியில் அறுவை சிகிச்சை. 'ஒரு தடவதான்' என்று அவர் சொன்னது என்னை உறுத்தியது. தப்பான ஊரைச் சொல்லிவிட்டால் அது அவருடைய முப்பது வருடத்துக் காசு. அதனால் அன்றிரவு பதில் சொல்லவில்லை. ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சொன்னேன். அவருக்குச் சொன்னதையும், சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நம்மில் பலருக்கு இந்த ஆசை இருக்கிறது.

வெளிச்சம் எங்கே விழுகிறது?

சூரியனிலிருந்து மின்னூட்டம் பெற்ற துகள்கள் ஓயாமல் வீசிக்கொண்டே இருக்கின்றன. பூமியின் காந்தப்புலம் அவற்றைத் துருவங்களின் பக்கம் திருப்பிவிடுகிறது. அங்கே அவை காற்று மண்டலத்தின் உயரத்தில் மோதும்போது காற்று ஒளிர்கிறது. நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே ஆக்சிஜன் தருவது பச்சை. இருநூறு கிலோமீட்டருக்கும் மேலே அதே ஆக்சிஜன் சிவப்பாகிறது. கீழ் ஓரத்தில் சில நேரம் தெரியும் ஊதாவும் இளஞ்சிவப்பும் நைட்ரஜனின் வேலை.

இந்த ஒளி காந்தத் துருவத்தைச் சுற்றி ஒரு வளையம் போல விழுகிறது. நோர்வேயின் வடக்கிலுள்ள ட்ரொம்ஸோ ஏறக்குறைய 70 பாகை வடக்கில் இருக்கிறது. ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யாவிக் 64 பாகையில்தான். வரைபடத்தைப் பார்த்துவிட்டு 'ட்ரொம்ஸோதான் மேலே இருக்கிறது, அங்கேதான் அதிகம் தெரியும்' என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த வளையமோ அமெரிக்கக் கண்டத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறது. அதனால் ஐஸ்லாந்தும் அதற்குள் வந்துவிடுகிறது. பாகை வித்தியாசத்தை வைத்து ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. உங்கள் பயணத்தைக் காப்பதும் கெடுப்பதும் மேகம்தான்.

நம் பக்கம் இந்த ஒளி வந்ததே இல்லையா என்று கேட்பீர்கள். 1872 பிப்ரவரி 4 அன்று அடித்த சூரியப் புயலின்போது பம்பாய் வரை தெரிந்ததாகப் பதிவு இருக்கிறது. 2024 மே மாதப் புயலில் லடாக்கின் ஹான்லே வானாய்வகத்துப் படக்கருவிகள் சிவந்த வானத்தைப் பிடித்தன. நாம் இருப்பதோ 5 பாகையில். பினாங்குக்கு அது வரும் என்று காத்திருக்க முடியாது. நாம்தான் போக வேண்டும்.

ஐஸ்லாந்து: காலடியில் இருந்தது

நாங்கள் முதலில் போனது ஐஸ்லாந்து. 2019 பிப்ரவரி, எட்டு நாள். அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த மகள் லண்டனில் சேர்ந்துகொண்டாள். அங்கிருந்து மூன்று மணி நேர விமானம். காரை வாடகைக்கு எடுத்து அவள்தான் ஓட்டினாள்.

ஐஸ்லாந்தின் மக்கள்தொகை ஏறக்குறைய நான்கு லட்சம். நம் செபராங் பிறையில் மட்டும் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கிறோம். இத்தனைக்கும் அந்த நாடு ஒரு லட்சத்து மூவாயிரம் சதுர கிலோமீட்டர். ஊரை விட்டு அரை மணி நேரம் போனால் போதும். மனிதர்கள் இல்லை, மரங்களும் இல்லை. கறுத்த எரிமலைப் பாறை, அதன்மேல் பனி, தூரத்தில் ஆவி.

அந்த நிலத்தின் அழகுக்கு நான் பார்த்த வேறெதையும் ஒப்பிட முடியாது. திங்வெட்லிரில் வட அமெரிக்கத் தட்டும் யூரேசியத் தட்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் பிளவுக்குள் நடந்தோம். ஆண்டுக்குச் சுமார் இரண்டு சென்டிமீட்டர் விலகுகிறதாம். கி.பி. 930இல் அந்த நாட்டு நாடாளுமன்றம் முதலில் கூடியதும் அந்த வெட்டவெளியில்தான். ஸ்ட்ரோக்குர் வெந்நீர் ஊற்று சில நிமிடங்களுக்கு ஒரு முறை வீங்கி, குமிழாகி, வானத்தை நோக்கிப் பீறிட்டது. பாலிங்கின் உலு லெகோங் சுடுநீரில் காலை நனைத்துவிட்டு வந்த நமக்கு அது தெரிந்த விஷயம் போலத் தொடங்கி, தெரியாத விஷயமாக முடியும். குல்ஃபோஸில் ஆறு இரண்டு படியாக 32 மீட்டர் இறங்கிப் பள்ளத்துக்குள் மறைகிறது. ஸ்கோகாஃபோஸ் 60 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது.

மனிதர்களிலும் ஒரு நெருக்கம் கிடைத்தது. ஐஸ்லாந்துக்காரர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பெயரோடு 'சொன்' என்று சேர்த்தால் மகன், 'தோத்திர்' என்று சேர்த்தால் மகள். நம் அடையாள அட்டையில் இருக்கும் ஏ/எல், ஏ/பி அதேதான். தங்குமிடத்துப் பெண்ணிடம் மகள் தன் அட்டையைக் காட்டி விளக்கியதும் அவர் சிரித்துவிட்டார். வெளிநாட்டுப் படிவங்களில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று திண்டாடுகிறவர்கள் நாம் மட்டும் இல்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு எங்கள் தவற்றையும் சொல்ல வேண்டும். எட்டு இரவும் வானத்தைத் துரத்தினோம். ஐஸ்லாந்து வானிலைத் துறை துருவ ஒளிக்கென்றே ஒரு முன்னறிவிப்பு தருகிறது. மேகம் இல்லாத இடத்தை வெள்ளையாகக் காட்டும் வரைபடம் அது. அந்த வெள்ளைத் திட்டுகளைத் தேடி நள்ளிரவு இரண்டு மணிவரை வண்டியில் சுற்றினோம். விடிந்து பத்து மணிக்கு எழுந்தோம். பிப்ரவரியில் அங்கே பகலே எட்டு ஒன்பது மணி நேரம்தான். அதில் கொஞ்சத்தைத் தூங்கியே தீர்த்தோம். ஐந்தாம் நாள் காற்று பலமாகி, போக வேண்டிய சாலை மூடப்பட்டது. யோகுல்சார்லோன் என்ற இடத்தில் பனியாறு உடைந்து நீலக் கட்டிகளாக ஏரியில் மிதக்கும். அவற்றில் சில கடலுக்குப் போய், அலையோடு திரும்பிவந்து கறுப்பு மணலில் கண்ணாடிபோல் கிடக்கும். அதைப் பார்க்காமலேயே திரும்பினோம்.

ஒளி? ஏழாம் இரவு, மேகக் கிழிசலில் பத்து நிமிடம். சாம்பல் நிறத்தில் ஒரு கோடு.

விமானத்தில் மனைவி சொன்னாள்: "எட்டு நாளும் அண்ணாந்தே பார்த்தோம். காலடியில இருந்ததை விட்டுட்டு வந்துட்டோம்ங்க." அதற்கு என்னிடம் பதில் இல்லை. கடைசி நாளில்தான் தெரிந்தது, அங்குள்ள கிராமப்புறத் தங்குமிடங்கள் பலவற்றில் வானம் ஒளிர்ந்தால் வரவேற்பறையிலிருந்து தொலைபேசியில் எழுப்பிவிடுவார்களாம். சொல்லி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம்.

ட்ரொம்ஸோ: நம்மைப் போலவே ஒரு தீவு

மறுபடி காசு சேர ஆறு வருடம் ஆனது. 2025 பிப்ரவரியில் நானும் மனைவியும் மட்டும் ட்ரொம்ஸோ போனோம். ஐந்து இரவு. ஒஸ்லோவில் மாறி, அங்கிருந்து இரண்டு மணி நேரம்.

விமானம் இறங்கும்போதே மனைவி கையைப் பிடித்து, "பினாங்கு மாதிரியே இருக்கு பாருங்க" என்றாள். உண்மைதான். ஊரின் மையம் ஒரு தீவில். நடுவில் ஒடுங்கிய கடல். எதிர்க்கரையில் பெருநிலம். இரண்டையும் சேர்ப்பது 1960இல் திறந்த பாலம். நம் பாலம் பதின்மூன்றரை கிலோமீட்டர், அது ஒரு கிலோமீட்டர் சொச்சம். பாலத்தின் அந்தப் பக்கம் 1965இல் கட்டிய வெள்ளைத் தேவாலயம், பனிக்கட்டிகளை அடுக்கி வைத்ததுபோல் நிற்கிறது. அதைத் தாண்டிக் கம்பிவண்டியில் ஏறினால் 421 மீட்டர் உயரத்திலிருந்து மொத்தத் தீவும் விளக்குகளோடு தெரியும். நாங்கள் பட்டர்வொர்த் பக்கத்திலிருந்து ஜார்ஜ் டவுனைப் பார்த்தே வளர்ந்தவர்கள். எதிர்க்கரையிலிருந்து ஊரைப் பார்ப்பது எங்களுக்குப் பழகிய பார்வை.

நிலக்காட்சியில் ட்ரொம்ஸோ ஐஸ்லாந்தைப் போல மிரட்டாது. கடலிலிருந்தே நேராக எழும் பனிமலைகள், அவற்றுக்கிடையே அமைதியான உப்பங்கழிகள். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை சூரியன் தொடுவானத்துக்கு மேலே வருவதில்லை. பிப்ரவரியில் வந்துவிடும். ஆனாலும் காலையும் மாலையும் நெடுநேரம் எல்லாம் நீலமாக இருக்கும். வருடம் முழுவதும் ஏழு, ஏழரைக்கு விடிந்து ஏழு, ஏழரைக்கு இருட்டும் ஊர்க்காரர்களான நமக்கு அந்த நீல நேரமே ஒரு அதிசயம்.

குளிரைப் பற்றிப் பயம் வேண்டாம். அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் அந்தக் கரையைத் தொட்டுப் போவதால் ஊருக்குள் குளிர்காலத்தில் சராசரியாகப் பூச்சியத்துக்கு நான்கைந்து பாகை கீழேதான். நடைபாதையில் உறைந்த பனிதான் உண்மையான ஆபத்து. காலணியின் அடியில் மாட்டிக்கொள்ளும் முள் பட்டையை இறங்கிய அன்றே வாங்கினோம்.

அங்கே நாங்கள் வண்டி ஓட்டவில்லை. மாலை ஆறு மணிக்குச் சிற்றுந்தில் ஏறினால் வழிகாட்டி மேகத்தின் வரைபடத்தைப் பார்த்து எந்தப் பக்கம் போவதென்று முடிவு செய்கிறார். தலைக்கு ஆயிரம் குரோனருக்கும் மேல், அதாவது நானூறு வெள்ளிக்கும் கூடுதல். கரையோரம் மேகமாக இருந்தால் உள்நாட்டுக்கு, சில இரவுகளில் பின்லாந்து எல்லை வரைகூட, போகிறார்கள். மழை மேகங்களை மலைகள் தடுத்துவிடுவதால் உள்ளே வானம் தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம். ட்ரொம்ஸோவின் பலம் அதுதான்.

முதல் இரவு வீண். இரண்டாம் இரவு இரண்டு மணி நேரம் ஓடி ஷீபொட்டன் பள்ளத்தாக்கில் நின்றோம். உள்நாட்டுக் குளிர் வேறு மாதிரி, மூக்குக்குள் முடி உறைகிறது. நெருப்பு மூட்டினார்கள். பதினொரு மணிக்கு வடக்கே மெல்லிய வெள்ளை மேகம் போல ஒன்று. கைப்பேசியில் எடுத்தால் பச்சை, கண்ணால் பார்த்தால் சாம்பல். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இருட்டில் நம் கண்ணுக்கு நிறம் பிரிக்கும் சக்தி குறைவு. ஒளி மங்கலாக இருந்தால் படக்கருவிக்குத்தான் பச்சை தெரியும்.

ஏமாற்றமாக இருந்தது. அரை மணி நேரம் கழித்து அந்த வெள்ளை அசைந்தது. கொடியில் காயப்போட்ட எட்டு முழ வேட்டிக்குள் காற்று புகுந்ததுபோல் ஓரத்திலிருந்து மடிப்பு மடிப்பாக ஓடிவந்தது. இப்போது வெறும் கண்ணுக்கே பச்சை. கீழ் விளிம்பில் ரோஜா நிறம். தலைக்கு மேலே வந்து நான்கு பக்கமும் விரிந்தது. சத்தமே இல்லை. அவ்வளவு பெரிய அசைவுக்கு ஒரு சின்னச் சத்தம்கூட இல்லாததுதான் உடம்பைச் சிலிர்க்க வைத்தது.

கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். வழிகாட்டி சிரித்துக்கொண்டே தடுத்தார். வட நோர்வேயின் பூர்வகுடிகளான சாமி மக்களிடம் ஒரு நம்பிக்கை உண்டாம்: இந்த ஒளியைப் பார்த்து விசிலடித்தால் அது இறங்கிவந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். "நம்மூர்ல பாம்பு வரும்னு சொல்வாங்க" என்றாள் மனைவி.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த வெற்றிக்கு ட்ரொம்ஸோ மட்டும் காரணம் இல்லை. சூரியனுக்கு ஏறக்குறைய பதினோராண்டு ஏற்ற இறக்கம் உண்டு. நாங்கள் ஐஸ்லாந்து போன 2019இல் அது மிகவும் அடங்கியிருந்தது. 2024, 2025 அதன் உச்சக்கட்டம். ஒரே வருடத்தில் இரண்டுக்கும் போயிருந்தால் என் கதை வேறாகியிருக்கலாம்.

தலைக்கு மேல் எரிந்தது

மறுநாள் பேருந்து நிறுத்தத்தில் நாங்கள் பேசிய தமிழைக் கேட்டு ஒருவர் திரும்பினார். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர்.

"மலேசியாவோ? என்ர அம்மாவின்ர தகப்பன் மலாயா ரயில்வேயில வேலை செய்தவர். பென்சன் எடுத்துக்கொண்டுதான் ஊருக்கு வந்தவர்" என்றார். எங்கள் வீடு பட்டர்வொர்த் ரயில் நிலையத்துக்குப் பக்கம் என்றதும் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

இலங்கையில் போர் மூண்ட எண்பதுகளில் நோர்வேக்கு வந்த தமிழ் இளைஞர்கள் பலர் ஃபின்மார்க் என்ற வடகோடி மாநிலத்தின் மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் விட்டுப்போன குளிர்ந்த, ஈரமான வேலை. பிறகு பலர் தெற்கே ஒஸ்லோ பக்கம் குடிபெயர்ந்தார்கள். இவர் வடக்கிலேயே தங்கிவிட்டவர்.

"லைட் பார்க்கவோ வந்தனீங்கள்?" என்று கேட்டார். "நான் எண்பத்தாறில வந்தனான் தம்பி. மீன் பக்டரி. போகேக்கையும் இருட்டு, வரேக்கையும் இருட்டு. தலைக்கு மேல எரியும். நான் நிமிர்ந்து பார்க்கிறதில்லை. ஊரில ஆருக்கு என்ன நடந்ததோ எண்டு யோசிச்சுக்கொண்டு நிலத்தைப் பார்த்துத்தான் நடக்கிறது. இல்லாட்டி ஐஸ் வழுக்கிப் போடும்."

"அப்ப எப்பத்தான் பார்த்தீங்க அண்ணே?"

"மனிசி வந்த பிறகு. எண்பத்தொன்பதில வந்தவ. முதல் கிழமை ஒரு இரவு வாசல்ல நிண்டு கத்திக் கூப்பிட்டா. என்னவோ ஏதோ எண்டு ஓடினன். அண்டைக்குத்தான் நானும் பார்த்தன்."

பேருந்து வந்தது. போய்விட்டார். மூன்று வருடம் அந்த ஒளியின் கீழே நடந்தும் அதைப் பார்க்காத ஒரு மனிதரை, இரண்டு விமானம் மாறிப் போய்ச் சந்தித்துவிட்டு வந்தோம்.

யாருக்கு எது?

இரண்டு நாடுகளுக்கும் மலேசியக் கடப்பிதழுக்கு விசா தேவையில்லை. 180 நாளுக்குள் 90 நாள் வரை தங்கலாம். இரண்டிலும் சாப்பாட்டு விலை நம்மைத் திடுக்கிட வைக்கும். சமையலறை உள்ள இடமாகப் பிடித்து, அரிசியும் மசாலாத் தூளும் கொண்டுபோங்கள். பால், இறைச்சிப் பொருள்களை மட்டும் பெட்டியில் வைக்காதீர்கள். கருவாடு பிடிக்குமென்றால் அங்கேயே ருசி பாருங்கள். வட நோர்வேயில் உப்பே போடாமல் குளிர்காற்றிலேயே மீனைக் காயவைக்கிறார்கள். ஐஸ்லாந்தில் அதை வெண்ணெய் தடவித் தின்கிறார்கள்.

குடும்பத்தில் வண்டி ஓட்டத் தெம்பான இளையவர்கள் இருந்தால், நடக்கக் கால் இருந்தால், ஐஸ்லாந்து போங்கள். சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். பனியும் காற்றும் சேர்ந்தால் பழகியவர்களுக்கே சிரமம். செப்டம்பர் கடைசியோ மார்ச்சோ நல்லது. பகல் நீளம், இரவும் போதும். துருவ ஒளி கிடைத்தால் அது மேல்வரவு என்று நினைத்துக்கொள்ளுங்கள். 2021 முதல் ரெய்க்யானெஸ் பகுதியில் எரிமலை அடிக்கடி வெடிக்கிறது. 2023 நவம்பரில் கிரிண்டாவிக் ஊரையே காலி செய்தார்கள். பயணத்துக்கு முன் செய்தி பாருங்கள். ரேனிஸ்ஃப்யாரா கறுப்பு மணற்கரையில் அலைக்கு முதுகைக் காட்டாதீர்கள். அந்த அலை உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது.

வயதானவர்கள், வண்டி ஓட்டாதவர்கள், ஒளிக்காகவே போகிறவர்கள் ட்ரொம்ஸோ போகலாம். நான்கைந்து இரவாவது தங்குங்கள். ஒரே இரவை நம்பிப் போகாதீர்கள். வந்த முதல் தெளிந்த இரவிலேயே சிற்றுந்தில் ஏறிவிடுங்கள். மேகம் மூடிய இரவில் போய் நிற்பதைவிட அறையில் தூங்குவது மேல்.

தம்பிக்கு இதைத்தான் சொன்னேன். ட்ரொம்ஸோ, மார்ச், ஆறு இரவு.

"அப்பவும் மேகம் மூடிட்டா என்னண்ணே பண்றது?"

"மூடும். அதுக்கும் தயாராத்தான் போகணும்" என்றேன். பகலில் பாலம், கம்பிவண்டி, துறைமுகம் என்று ஒரு பட்டியலும் எழுதிக் கொடுத்தேன். பேருந்து நிறுத்தத்தில் கேட்ட கதையையும் சொன்னேன். அதுவரை பணக் கணக்காகவே கேட்டுக்கொண்டிருந்தவர், அதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

அடுத்த வாரம் வீட்டுக்கு வந்து, காலணியில் மாட்டும் முள் பட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இரண்டு ஜோடி. சின்ன அளவை வாசலிலேயே நின்று மனைவியின் செருப்பில் வைத்துப் பார்த்தார். பொருந்தியது.